வைஃபை படுத்துடுச்சா? புது ரூட்டருக்கு காசு போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ், இஎம்ஐ-னு பேசற இடத்துல திடீர்னு வைஃபை ரிப்பேர் எதுக்குன்னு நினைக்கறீங்களா? காரணம் இருக்கு. சென்னையில இருந்து சுமார் 90 கி.மீ. தள்ளி, உத்திரமேரூர்லயோ பக்கத்து கிராமத்துலயோ சொந்த வீட்ல உக்காந்து வேலை பாக்கற ஒருத்தருக்கு, வைஃபைதான் ஆபீஸ் பஸ். அது நின்னா சம்பளமும் சேர்ந்து ஆட்டம் காணும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். மாச சம்பளம் 25,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 30 நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 833 ரூபாய். நெட் இல்லாம லாகின் பண்ண முடியல, லீவும் கையில இல்லைன்னா, ஒரு நாள் எல்ஓபி-ல இந்த 833 போயிடும். மாசத்துக்கு ரெண்டு நாள் அப்படி ஆனா 1,666. இதைவிட பெரிய செலவு ஒண்ணு பின்னாடி நிக்குது. "உன் வீட்ல நெட் சரியா வரலையே, ஆபீசுக்கே வந்துடு"ன்னு மேனேஜர் சொல்லிட்டா, சென்னையில பிஜி வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்து போற செலவுன்னு மாசம் எட்டாயிரம், பத்தாயிரம் சுலபமா கரைஞ்சிடும். வீட்ல இருந்து வேலை பாக்கறதால மிச்சமாகற அந்தப் பணம்தான் நிறைய பேருக்கு முதல் எமர்ஜென்ஸி ஃபண்டே.

ஆனா நெட் படுத்தினா பெரும்பாலும் நாம செய்யறது என்ன? பிளானை பெருசாக்கறோம். இல்ல, ஆன்லைன்ல "நாலு ஆன்டெனா" ரூட்டரை ஆர்டர் போடறோம். இன்னும் சிலர் லேப்டாப்பையே குறை சொல்லி புதுசுக்கு இஎம்ஐ போட்டுடறாங்க. பிரச்சனை எங்க இருக்குன்னு தெரியாம போடற காசு இதெல்லாம்.

இந்தப் பதிவுல சொல்லப் போறது ஒரே விஷயம்தான்: கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் மட்டும் பர்ஸை தொடுங்க. அதுக்கு ஒரு 20 நிமிஷம் போதும்.

## முதல்ல இதைப் புரிஞ்சுக்குங்க: இன்டர்நெட் வேற, வைஃபை வேற

உத்திரமேரூர் ஏரியை நினைச்சுக்குங்க. ஏரியில தண்ணி இருக்கு. மதகைத் திறந்தா வாய்க்கால்ல ஓடி வயலுக்குப் போகுது. வயல் காஞ்சு கிடந்தா உடனே "ஏரியில தண்ணி இல்லை"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மதகு திறந்திருக்கா, வாய்க்கால்ல எங்கயாவது அடைப்பா, இல்ல நம்ம வயல் மடைதான் மூடியிருக்கான்னு நடந்து போய் பாப்பாங்க.

உங்க வீட்டு நெட்டும் அப்படித்தான்:

- ஏரி: உங்களுக்கு கனெக்‌ஷன் கொடுக்கற கம்பெனியும், அவங்ககிட்ட இருந்து தெருக் கம்பம் வழியா வீடு வரைக்கும் வர்ற ஃபைபர் லைனும்.
- மதகு: வீட்ல லைட் மின்னிக்கிட்டு இருக்கற மோடம் பெட்டி. இப்ப ஃபைபர் கனெக்‌ஷன்ல மோடம், ரூட்டர் ரெண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டிதான்.
- வாய்க்கால்: அந்தப் பெட்டியில இருந்து உங்க ரூம் வரைக்கும் காத்துல வர்ற வைஃபை சிக்னல்.
- வயல்: உங்க லேப்டாப் அல்லது கம்ப்யூட்டர்.

வாய்க்கால் அடைச்சிருக்கும்போது ஏரியை ஆழப்படுத்தி பிரயோஜனம் இல்லை. 40 எம்பிபிஎஸ் பிளான் போட்டு, உள் ரூம்ல 6 எம்பிபிஎஸ்தான் வருதுன்னா, பிளானை 100 ஆக்கினாலும் அந்த ரூம்ல பெருசா எதுவும் மாறாது. ஆனா மாச பில்லுல 200 ரூபாய் ஏறும். 18% ஜிஎஸ்டி சேர்த்தா 236. வருஷத்துக்கு 2,832 ரூபாய்! வாய்க்கால்ல இருக்கற ஒரு பீரோவை நகர்த்தினா தீர்ந்திருக்கும்.

## செக் 1: லேப்டாப்ல மட்டுமா, போன்லயுமா? (2 நிமிஷம்)

போனை எடுங்க. மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க. இதை விட்டுட்டா மொத்த டெஸ்ட்டும் வேஸ்ட். வைஃபைல நெட் வரலைன்னா நிறைய போன்கள் சத்தமில்லாம சிம் டேட்டாவுக்கு மாறிடும். நீங்க "போன்ல நல்லா வருதே"ன்னு லேப்டாப்பை பிரிச்சு மேய்ஞ்சுக்கிட்டு இருப்பீங்க.

இப்ப போனை மோடம் பக்கத்துல வெச்சு ஏதாவது ஒரு சைட்டைத் திறந்து பாருங்க. அப்புறம் நீங்க வேலை பாக்கற ரூமுக்குப் போய் அதே மாதிரி பாருங்க.

- மோடம் பக்கத்துலயே போன்லயும் வரல → கோளாறு ஏரியிலயோ மதகுலயோ. செக் 2-க்குப் போங்க.
- போன்ல எல்லா இடத்துலயும் வருது, லேப்டாப்ல மட்டும் வரல → வயல்லதான் கோளாறு. செக் 3.
- மோடம் பக்கத்துல ரெண்டுலயும் வருது, ரூமுக்குப் போனா ரெண்டுலயும் இழுக்குது → வாய்க்கால். செக் 4.

## செக் 2: மோடம் லைட் என்ன சொல்லுது?

ஃபைபர் மோடத்துல ரெண்டு லைட் ரொம்ப முக்கியம்: 'பான்', 'எல்ஓஎஸ்'.

பான் லைட் பச்சையா நிலையா எரியுது, எல்ஓஎஸ் அணைஞ்சிருக்கு: லைன் நல்லா இருக்கு. அப்படியும் நெட் வரலைன்னா முதல்ல பாக்க வேண்டியது ரீசார்ஜ். வேலிடிட்டி முடிஞ்சிருந்தாலும் லைட்டெல்லாம் அழகா பச்சையாதான் எரியும், நெட் மட்டும் வராது! கஸ்டமர் கேருக்கு அரை மணி நேரம் ஹோல்டு பண்றதுக்கு முன்னாடி ஆப்ல தேதியைப் பாத்துடுங்க. சம்பள தேதிக்கு ரெண்டு நாள் தள்ளி ஆட்டோபே போட்டு வெச்சா இந்தத் தலைவலியே இல்லை.

எல்ஓஎஸ் சிவப்பா மின்னுது: வெளிச்சம் உங்க மோடத்துக்கு வந்து சேரல. ஃபைபர் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல மடங்கியிருக்கு. கிராமத்துல கேபிள் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கிட்டுதான் வரும். கரும்பு லோடு லாரி, மரக்கிளை, குரங்கு, அணில்னு அதுக்கு எதிரிகள் நிறைய. வீட்டுக்குள்ள நீங்க பாக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணு: மோடத்துக்குப் பின்னாடி வர்ற மெல்லிசு வயர் ஸ்டூலுக்கு அடியிலயோ கதவு இடுக்குலயோ நசுங்கியிருக்கான்னு பாருங்க. ஃபைபருக்குள்ள இருக்கறது கண்ணாடி இழை. கரென்ட் வயர் மாதிரி மடக்கிச் சுருட்டி ஆணியில மாட்டக் கூடாது. இன்னொண்ணு, கழட்டின ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா வெச்சு பாக்காதீங்க. அதுல வர்ற லேசர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கெடுதல்.

இது ரெண்டும் சரியா இருந்தா லைன்மேனைக் கூப்பிடறதுதான் வழி. கூப்பிடும்போது "அண்ணா, நெட் வரல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "அண்ணா, காலையில 9 மணியில இருந்து எல்ஓஎஸ் சிவப்பா மின்னுது, பவர் லைட் ஓகே, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன்"னு சொல்லுங்க. அப்பதான் ஃபைபர் ஒட்டற மெஷினோட வருவாரு. இல்லைன்னா முதல் தடவை வந்து பாத்துட்டு, மெஷின் எடுக்க திரும்பப் போயிடுவாரு. உங்க அரை நாள் அவுட்.

லைட் பச்சை, ஆனா நெட் விட்டு விட்டு வருது: மோடத்தோட செட்டிங்ஸ் பேஜ்ல பான் ஸ்டேட்டஸ்னு ஒரு இடத்துல உள்ளே வர்ற வெளிச்சத்தோட அளவு 'டிபிஎம்' கணக்குல காட்டும். வழக்கமா நம்ம வீட்ல இருக்கற ஜிபான் மோடத்துக்கு அது -8-க்கும் -27-க்கும் நடுவுல இருக்கணும். -28, -29-னு காட்டினா ஜாயின்ட் சரியில்லை, கேபிள் எங்கயோ வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து லைன்மேனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. பேச்சே குறையும்.

### ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற!

இதை கொட்டை எழுத்துல எழுதி மோடம் மேலயே ஒட்டி வெக்கலாம். சுவிட்சை அணைச்சு, 30 செகண்ட் விட்டு போடறது ரீஸ்டார்ட். எத்தனை தடவை வேணா பண்ணலாம். பின்னாடி குட்டி ஓட்டையில ஊசி விட்டு அழுத்தறது ரீசெட். கம்பெனிக்காரங்க உள்ளே போட்டு வெச்ச யூசர் ஐடி, பாஸ்வேர்டு, மத்த செட்டிங் எல்லாம் அழிஞ்சுபோக வாய்ப்பு அதிகம். அதுக்கப்புறம் நல்லா இருந்த லைனும் ஆள் வந்து செட் பண்ற வரைக்கும் ஓடாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி இதைப் பண்ணிட்டு திங்கக்கிழமை காலை லாகினுக்குத் தவிக்காதீங்க.

## செக் 3: லேப்டாப்ல மட்டும் வரலையா?

சுலபமானதுல இருந்து ஆரம்பிக்கலாம். இந்த வரிசையை மாத்தாம பண்ணுங்க. எங்க சரியாகுதோ அங்கயே நிறுத்திடுங்க.

1. ஏரோபிளேன் மோடு. கீபோர்டுல எஃப் வரிசையில இருக்கற ஏரோபிளேன் பட்டனை தெரியாம அழுத்தியிருக்கலாம். சில பழைய லேப்டாப்ல பக்கவாட்டுல வைஃபைக்குன்னு தனி சுவிட்ச்சே இருக்கும்.

2. மறந்துட்டு சேருங்க. வைஃபை லிஸ்ட்ல உங்க நெட்வொர்க் மேல ரைட் கிளிக் பண்ணி 'ஃபர்கெட்' கொடுங்க. மறுபடி பாஸ்வேர்டு போட்டு சேருங்க. வீட்ல யாராவது பாஸ்வேர்டை மாத்தியிருந்தா லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

3. தேதி, நேரம் சரியா? பழைய கம்ப்யூட்டர்ல உள்ள இருக்கற பேட்டரி தீர்ந்திருந்தா தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். அப்ப வைஃபை கனெக்ட் ஆகும், ஆனா பேங்க் சைட், மெயில் எதுவும் திறக்காது. "பாதுகாப்பில்லாத கனெக்‌ஷன்"னு மிரட்டும்.

4. மூணு பிங். விண்டோஸ் பட்டனை அழுத்தி 'சிஎம்டி'-னு இங்கிலீஷ்ல மூணு எழுத்து டைப் பண்ணி என்டர் அடிங்க. கறுப்பு ஜன்னல் ஒண்ணு வரும். முதல்ல 'ஐபிகான்ஃபிக்'னு (ஒரே வார்த்தையா) அடிங்க. அதுல ரெண்டு வரியைப் பாருங்க. 'ஐபிவி4 அட்ரஸ்' 169.254-ல ஆரம்பிச்சா, உங்க லேப்டாப்புக்கு மோடம் முகவரியே தரலைன்னு அர்த்தம். 'டீஃபால்ட் கேட்வே'-ங்கறதுதான் உங்க மோடத்தோட முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி இருக்கும்.

இப்ப 'பிங்' போட்டு, ஒரு ஸ்பேஸ் விட்டு, கீழே இருக்கறதை ஒவ்வொண்ணா அடிங்க:

- முதல் பிங் உங்க கேட்வே நம்பருக்கு. பதில் வரலைன்னா லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் நடுவுலதான் தகராறு.
- ரெண்டாவது 8.8.8.8-க்கு. முதலுக்கு பதில் வந்து இதுக்கு வரலைன்னா, மோடத்துக்கு வெளியில கோளாறு.
- மூணாவது ஏதாவது ஒரு வெப்சைட் பேருக்கு. நம்பருக்கு பதில் வருது, பேருக்கு வரலைன்னா, பேரை நம்பரா மாத்தித் தர்ற டிஎன்எஸ்-ல பிரச்சனை. வைஃபை செட்டிங்ல டிஎன்எஸ்-ஐ 8.8.8.8 அல்லது 1.1.1.1-னு மாத்திப் பாருங்க.

இந்த மூணு வரியைப் போட்டு எடுத்த ஒரு ஸ்க்ரீன்ஷாட், கஸ்டமர் கேர்கிட்ட பத்து நிமிஷம் பேசறதைவிட அதிகம் சொல்லும்.

5. டிரைவர். டிவைஸ் மேனேஜர்ல 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' திறங்க. வைஃபை பேருக்குப் பக்கத்துல மஞ்சள் முக்கோணம் இருந்தா, இல்ல வைஃபை பேரே இல்லைன்னா, டிரைவர் போச்சு. டிரைவரை டவுன்லோடு பண்ணவே நெட் வேணுமேன்னு முழிக்க வேண்டாம். போனை சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு, ஹாட்ஸ்பாட் செட்டிங்ல 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணுங்க. வைஃபை இல்லாமலே நெட் வந்துடும். லேப்டாப் கம்பெனி சைட்டுக்குப் போய் உங்க மாடலுக்கான வைஃபை டிரைவரை எடுத்துக்கலாம்.

6. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கட் ஆகுதா? அதே டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரோட ப்ராப்பர்ட்டீஸ்ல 'பவர் மேனேஜ்மென்ட்'னு ஒரு டேப் இருந்தா, கரென்ட்டை மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம்ங்கற டிக்கை எடுத்துடுங்க. பேட்டரியில ஓடும்போது மட்டும் கட் ஆகற லேப்டாப்புக்கு இது நல்ல மருந்து.

7. கடைசியா நெட்வொர்க் ரீசெட். விண்டோஸ் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பகுதியில இருக்கு. சேமிச்சு வெச்ச எல்லா வைஃபை பாஸ்வேர்டும் போயிடும், லேப்டாப் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகும்.

ஆபீஸ் லேப்டாப் வெச்சிருக்கறவங்க கவனிங்க: 5, 6, 7 மூணையும் நீங்களா பண்ணாதீங்க. விபிஎன் செட்டிங் போயிட்டா வீட்ல இருந்து லாகினே பண்ண முடியாது. ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க. டிக்கெட் நம்பர் இருந்தா அந்த ஒரு மணி நேரம் உங்க கணக்குல வராது, சிஸ்டம் கணக்குல போகும். எல்ஓபி பேச்சு வந்தா அதுதான் உங்களுக்கு சாட்சி. விபிஎன் போட்டா மட்டும் நெட் நிக்குது, எடுத்தா நல்லா வருதுன்னா, உங்க வைஃபை மேல தப்பே இல்லை. அதையும் டிக்கெட்ல எழுதிடுங்க.

## செக் 4: வருது, ஆனா இழுக்குது

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். பிளான்ல போட்டிருக்கற 40 எம்பிபிஎஸ்-ங்கறது மெகாபிட். ஃபைல் டவுன்லோடு ஆகும்போது பல சாஃப்ட்வேர் காட்டறது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தாதான் ஒரு பைட். அதனால 40 எம்பிபிஎஸ் பிளான்ல செகண்டுக்கு 5 எம்பி வந்தா அது முழு ஸ்பீடு, யாரும் ஏமாத்தல. ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 3-4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். தனி ஒரு ஆள் ஆபீஸ் வேலை பாக்க 30, 40 பிளான் தாராளம்.

இப்ப முக்கியமான டெஸ்ட். ஒரு லான் கேபிளை எடுத்து மோடத்தையும் லேப்டாப்பையும் நேரடியா இணைங்க. வீட்ல மத்தவங்க போனுங்க எல்லாத்துலயும் வைஃபையை அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணச் சொல்லிட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்க.

கேபிள்ல முழு ஸ்பீடு வருது, வைஃபைல வரலைன்னா, கம்பெனிக்காரங்க மேல தப்பில்லை. கேபிள்லயும் வரலைன்னா, காலை, மதியம், ராத்திரின்னு மூணு நேரமும் டெஸ்ட் எடுத்து ஸ்க்ரீன்ஷாட் வெச்சுக்கோங்க. புகாருக்கு உதவும்.

100-க்கு மேல பிளான் போட்டும் கேபிள்ல 95 கிட்டயே நிக்குதா? லான் கேபிளுக்குள்ள எட்டு கம்பி இருக்கும். அதுல நாலுதான் சரியா தொடுதுன்னா 100-ஐத் தாண்டாது. கேபிளை மாத்திப் பாருங்க. அப்படியும் அதேன்னா, மோடத்துலயோ லேப்டாப்லயோ இருக்கற போர்ட்டே 100 வரைக்கும்தான். அப்ப அந்த பெரிய பிளானுக்குக் கொடுக்கற காசு கேபிள் வழியா வரவே வராது.

வைஃபைலதான் பிரச்சனைன்னா:

*மோடம் எங்க இருக்கு?* டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி, பீரோ மேல, ஷெல்ஃபுக்குள்ள கதவு சாத்தி... சிக்னலுக்கு இரும்பு பிடிக்காது. ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணி டேங்க் எல்லாம் தடுப்புச் சுவர் மாதிரி. நெஞ்சு உயரத்துக்கு மேல, திறந்த இடத்துல, வீட்டுக்கு நடுவா வைங்க. செலவு பூஜ்யம்.

*2.4-ஆ, 5-ஆ?* மோடம் ரெண்டு அலைவரிசையில சிக்னல் விடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனா சுவரைத் தாண்டறதுல சோம்பேறி. 2.4 வேகம் கம்மி, ஆனா தூரம் போகும். சென்னை அபார்ட்மென்ட்ல 20 வீட்டு வைஃபை ஒண்ணுமேல ஒண்ணு மோதும். அங்க 2.4 திணறும். நம்ம ஊர்ல அந்த நெரிசல் கம்மி. நமக்கு வில்லன் சுவர்தான். பழைய ஓட்டு வீட்ல ஒண்ணரை அடி செங்கல் சுவர், புது வீட்ல கம்பி கட்டின கான்கிரீட் தளம், மொட்டை மாடியில தகர ஷீட் போட்ட ரூம். அதனால மோடம் இருக்கற ஹால்ல உக்காந்தா 5-ல சேருங்க, உள் ரூம்னா 2.4-ல சேருங்க. 2.4-ல சேனல் 1, 6, 11 மூணுல எது காலியா இருக்கோ அதை வைங்க. இந்த மூணும்தான் ஒண்ணோட ஒண்ணு மோதாதவை.

*யார் குடிக்கறாங்க?* நீங்க மீட்டிங்ல இருக்கும்போது தம்பி போன் 300 போட்டோவை கிளவுடுக்கு ஏத்திக்கிட்டு இருக்கலாம். விண்டோஸ் அப்டேட் பின்னாடி ஓடலாம். வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்ல 'மீட்டர்டு கனெக்‌ஷன்' ஆன் பண்ணா விண்டோஸ் கொஞ்சம் அடங்கும். மோடம் பேஜ்ல யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு லிஸ்ட் பாருங்க. தெரியாத போன் இருந்தா பாஸ்வேர்டை மாத்துங்க. பக்கத்து வீட்டுக்குப் போன தண்ணிக்கும் பில் நம்மளுதுதான்.

*தூரம் ரொம்ப அதிகமா?* மாடி ரூம்ல வேலைன்னா, மெஷ், எக்ஸ்டென்டர்னு ஆயிரக்கணக்குல போறதுக்கு முன்னாடி ஒரு 20 மீட்டர் லான் கேபிளை இழுத்துப் பாருங்க. சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும். லான் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். ரூமை மாத்தாம ஒரே இடத்துல வேலை பாக்கறவங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

## செக் 5: கரென்ட்டு போனா?

மாசாந்திர பராமரிப்புன்னு காலையில இருந்து மதியம் தாண்டி கரென்ட் இல்லாத நாள் நம்ம ஊர்ல சகஜம். லேப்டாப் பேட்டரியில ஓடும். மோடம் செத்துடும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு சுமார் 1,500 ரூபாய் ஆகும். ரெண்டு நாள் எல்ஓபி-யைத் தடுத்தா போட்ட காசு வந்துடும்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். ஃபைபர் வர்ற வழியில கம்பத்துல இருக்கற ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு கரென்ட்டே வேண்டாம். ஆனா ஆபரேட்டர் ஆபீஸ்ல இருக்கற மெயின் மெஷினுக்கு வேணும். அடுத்த தடவை கரென்ட் போகும்போது, இன்வெர்ட்டர்ல மோடத்தைப் போட்டு பான் லைட்டைப் பாருங்க. பச்சையா இருந்தா ஆபரேட்டர்கிட்ட பேக்கப் இருக்கு, நீங்க யூபிஎஸ் வாங்கலாம். எல்ஓஎஸ் சிவப்பாகிட்டா அவருக்கே கரென்ட் இல்லை. உங்க யூபிஎஸ் சும்மா லைட் எரிக்கத்தான் உதவும். வீட்ல இன்வெர்ட்டர் இல்லைன்னா ஆபரேட்டர்கிட்டயே, "அண்ணா, கரென்ட் போனா உங்க ஆபீஸ்ல எத்தனை மணி நேரம் ஓடும்?"னு நேரா கேட்டுடுங்க.

வாங்கும்போது மோடம் அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட், ஆம்பியர், பின் சைஸ் மூணும் பொருந்துதான்னு பாருங்க. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில மோடம் பிளக்கைப் பிடுங்கி வைங்க. ஃபைபர் கண்ணாடி, கரென்ட் கடத்தாது. ஆனா அடாப்டர் வழியா வர்ற அடி மோடத்தைக் கொன்னுடும்.

## கணக்கு கேளுங்க, அது நம்ம ஊர் வழக்கம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கற முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலுக்குப் பேர் போனவை. அதுல ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு தனித்தனி குழுக்கள் வருது. ஏரியைப் பாத்துக்கவே ஒரு குழு! அதைவிட முக்கியமான விதி ஒண்ணு இருக்கு: வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரை மறுபடி குடத்துல போடக் கூடாது.

ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு, மாசம் 590 ரூபாய் கட்டற நாம கணக்கு கேக்கத் தயங்கறோம். மூணு பழக்கம் வெச்சுக்கோங்க.

பில் வாங்குங்க. லோக்கல் ஆபரேட்டர்கிட்ட ஜிபே பண்ணிட்டு விட்டுடாதீங்க. உங்க பேர்ல, ஜிஎஸ்டி நம்பரோட பில் கேளுங்க. ஆபீஸ்ல இன்டர்நெட் அலவன்ஸ் அல்லது ரீஇம்பர்ஸ்மென்ட் இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. இருந்தா பில் இல்லாம ஒரு ரூபாய் வராது.

புகார் எண் வாங்குங்க. லைன்மேன் நம்பருக்கு அடிச்சு சொல்றது வேகமா வேலை நடக்க. கஸ்டமர் கேர்ல பதிவு பண்ணி டாக்கெட் நம்பர் வாங்கறது ஆதாரத்துக்கு. ரெண்டையும் பண்ணுங்க. புகாருக்கு சரியான தீர்வு கிடைக்கலைன்னா, கம்பெனியோட அப்பீல் அதிகாரிகிட்ட 30 நாளுக்குள்ள போகலாம். 39 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். இது 2012-ல டிராய் கொண்டுவந்த விதி.

ஈடு கேளுங்க. வயர் வழி கனெக்‌ஷன்ல கோளாறை சரி பண்ண 3 நாளைத் தாண்டினா, போஸ்ட்பெய்டோ ப்ரீபெய்டோ, வாடிக்கையாளருக்கு ஈடு தரணும்னு டிராய் 2024-ல போட்ட புது தர விதிகள்ல இருக்கு. தானா வரும்னு காத்திருக்காம, டாக்கெட் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. இன்னொண்ணு: 2023 ஜனவரியில இருந்து குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் வந்தாதான் அதுக்கு 'பிராட்பேண்ட்'னு பேரு. அதுக்கு முன்னாடி 512 கேபிபிஎஸ்னு இருந்துச்சு.

## அப்ப எதுக்கு காசு போடலாம்?

டெஸ்ட் எல்லாம் முடிஞ்சப்புறம், இந்த வரிசையில போங்க (விலையெல்லாம் தோராயம், கடைக்குக் கடை மாறும்):

| டெஸ்ட்ல தெரிஞ்சது | செய்ய வேண்டியது | செலவு |
|---|---|---|
| மோடம் மூலையில இருக்கு | இடம் மாத்துங்க | 0 |
| எல்ஓஎஸ் சிவப்பு | புகார், டாக்கெட் நம்பர் | 0 |
| ஒரே ரூம்ல வேலை, சிக்னல் வீக் | லான் கேபிள் | 300-500 |
| லேப்டாப் வைஃபை கார்டு செத்துடுச்சு | யூஎஸ்பி வைஃபை அடாப்டர் | 800-1,500 |
| கரென்ட் போனாலும் ஆபரேட்டர் லைன் நிக்கல | மினி யூபிஎஸ் | சுமார் 1,500 |
| வீடு முழுக்க சிக்னல் வேணும் | ரெண்டாவது ரூட்டர் அல்லது மெஷ் | 2,000-க்கு மேல |
| கேபிள்ல முழு ஸ்பீடு வந்தும், பல பேர் ஒரே நேரத்துல யூஸ் பண்ணி பத்தலை | பிளானை ஏத்துங்க | மாசாமாசம் |

கடைசி வரியை நல்லா பாருங்க. மேல இருக்கறதெல்லாம் ஒரு தடவை செலவு. பிளான் மட்டும்தான் மாசாமாசம் சம்பளத்துல கை வெக்கறது. அதனாலதான் அது கடைசி.

இதோட ஒரு பேக்கப்பும் வேணும். ஃபைபர் கொடுக்கற கம்பெனி இல்லாத வேற நெட்வொர்க் சிம் ஒண்ணு போன்ல இருக்கட்டும். வீட்ல எந்த நெட்வொர்க்குக்கு டவர் நல்லா கிடைக்குதுன்னு பாத்து வாங்குங்க. ஹாட்ஸ்பாட்ல வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி கிட்ட சாப்பிடும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்னா மதிய சாப்பாட்டுக்குள்ள காலி. வீடியோவை ஆஃப் பண்ணிட்டு ஆடியோல பேசினா நாள் பூரா ஓட்டிடலாம்.

இந்த வாரக் கடைசியில, நெட் நல்லா இருக்கும்போதே ஒரு தடவை எல்லா செக்கும் பண்ணிப் பாருங்க. நல்லா இருக்கற நாள்ல கேபிள்ல எவ்வளவு ஸ்பீடு, ரூம்ல எவ்வளவு, டிபிஎம் எவ்வளவுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க. கெட்டுப் போற அன்னிக்கு ஒப்பிட்டுப் பாக்க அது வேணும். கூடவே கஸ்டமர் ஐடி, லைன்மேன் நம்பர், வேலிடிட்டி தேதி மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி மோடம் பக்கத்துல ஒட்டிடுங்க. நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது நெட் போச்சுன்னா அம்மாவே பாத்து போன் பண்ணிடுவாங்க.

மூணு பிங் டெஸ்ட் எப்படி பண்றதுன்னு சந்தேகம் இருந்தாலோ, உங்க மோடம் லைட் இந்தப் பட்டியல்ல இல்லாத கலர்ல எரிஞ்சாலோ கமெண்ட்ல கேளுங்க. உங்க ஊர் பேரையும், மாசம் நெட்டுக்கு எவ்வளவு கட்டறீங்க, ரூம்ல எவ்வளவு வருதுன்னும் சேர்த்து எழுதுங்க. பக்கத்து ஊர்க்காரங்களுக்கு எந்த கனெக்‌ஷன் போடலாம்னு முடிவெடுக்க அது உதவும்.